தண்ணீர் காணாது

வன்னியில் துணுக்காயைத் தாண்டிக் காடு வெட்டிக் குடியிருந்த பதினொரு கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஊர்ச்சனம் வைத்த பெயர் 'கூடாதுச் சபை'. வானொலி கூடாது, நகை கூடாது, படம் பிடிக்கக் கூடாது, பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கக் கூடாது. வேதம் வாசிக்கவும் நெல்லு நிறுக்கவும் அந்தப் படிப்பே தாராளம் என்பது அவர்கள் எண்ணம். பகிடி பண்ணினவர்களும் ஒன்றை ஒத்துக்கொள்வார்கள். அங்கே பொய் இல்லை. கச்சான் கடலை வாங்கப் போகும் வியாபாரி அவர்களுடைய மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதே கிடையாது.

அந்தச் சபையின் மூப்பர்களில் ஒருவர் கிறகோரி. முள்ளிவாய்க்காலில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், சபையில் சேர்ந்த பிறகு வலையை விட்டு மண்வெட்டியைப் பிடித்தார். கதை பேச்சுக் குறைவு. அவருடைய ஒரே மகள் அற்புதம் எட்டோடு நிற்கவில்லை. 'இந்த ஒரு வருசம்', 'இந்த ஒரு வருசம்' என்று அவரும் கண்டும் காணாததுமாய் விட, அவள் சைக்கிளில் போய்ப் போய் உயர்தரம் வரை வந்துவிட்டாள். தொண்ணூற்று நாலாம் ஆண்டு மாரி தொடங்கும்போது, யாழ்ப்பாணத்தில் கணிதம் படிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. கிறகோரி அதை இரண்டு தரம் வாசித்தார், மடித்தார், அவளிடமே கொடுத்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சபையின் சட்டம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். குளத்தில் முழுக்கு எடுத்து ஞானஸ்நானம் பெற்றவர் பிறகு உலகத்துப் படிப்புக்குப் போனால், அவர் விலக்கப்பட்டவர். வீட்டுக்கு வரலாம், படுக்கலாம். ஆனால் முழுக்கு எடுத்த எவரும், பெற்ற தாயே ஆனாலும், அவரோடு ஒன்றாக இருந்து சாப்பிடக் கூடாது. பொய் சொல்லிவிட்டு மனந்திரும்பாதவருக்கும் அதே தண்டனைதான். முழுக்கு எடுக்காதவர்களை இந்தச் சட்டம் தொடாது. அவர்கள் இன்னும் சபைக்குள் வராதவர்கள்.

அப்படியென்றால் முழுக்கு எடுக்காமலே போக வேண்டியதுதானே என்று சொல்ல நமக்கு இலகு. குண்டு போடும் பொம்பர் சுற்றுகிற நாளில் முழுக்கு இல்லாமல் செத்தால் என்ன ஆகும் என்று அற்புதம் உண்மையாகவே பயந்தாள். பத்தொன்பது வயதாகியும் மகளைக் குளத்தில் இறக்காத தகப்பனைச் சபை பார்த்த பார்வையும் அவளைச் சுட்டது. 'போ' என்று அப்பா ஒரு சொல் சொல்வார் என மூன்று கிழமை பார்த்திருந்தாள். அவர் வரம்பு கட்டினார், வேலி அடைத்தார், வாயைத் திறக்கவில்லை. அதை 'வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டு, கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டு முழுக்குக்குப் பெயர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

மார்கழியில் ஒரு ஞாயிறு. குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்துகொண்டிருந்தது. பத்து வருசத்தில் இவ்வளவு தண்ணீரைக் கண்டதில்லை என்றார்கள். சபை குளக்கட்டில் நின்று பாடியது. மூப்பரின் பிள்ளைக்கு மூப்பரே முழுக்குக் கொடுப்பது வழக்கம் என்பதால் கிறகோரி முதலில் இறங்கினார். தண்ணீர் அவருடைய நெஞ்சு வரை வந்தது. அற்புதம் வெள்ளை உடுப்போடு இறங்கி, அவர் பக்கத்தில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். அப்பாவின் கை அவள் பிடரியைப் பிடித்தது. பாட்டு முடிந்தது. கை அசையவில்லை.

பிறகு அவர் கரையைப் பார்த்துச் சொன்னார்: "தண்ணி காணாது. இந்த வருசம் ஏலாது."

தலைமை மூப்பர் செல்வநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார். "போதாதோ? கிறகோரி, தண்ணி உம்மட நெஞ்சு மட்டும் நிக்குது."

"காணாது" என்றார் கிறகோரி. மகளின் கையைப் பிடித்துக் கரையேறினார். பொய் சொல்லிப் பழகாத மனிதர். அதனால்தான் அதை இவ்வளவு மோசமாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு சபையில், எழும்பி நின்று பொய் சொன்னதற்கு மனம் வருந்தும்படி செல்வநாயகம் கேட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல, கண் கலங்கித்தான் கேட்டார். கிறகோரி எழும்பவில்லை. மூப்பர் பதவி போனது. மனந்திரும்பும் வரை அவரோடு இருந்து ஒருவரும் சாப்பிடக் கூடாது என்று தீர்ப்பாயிற்று.

அன்று மத்தியானம் தாய் ஜெகதீஸ்வரி குசினியில் தனக்கும் மகளுக்கும் பாய் விரித்தாள். மற்ற மூலையில் ஒரு சாக்கைப் போட்டுப் புருசனின் சோற்றுக் கோப்பையை அதன் முன்னால் வைத்தாள். இருபது வருசத்துக்கு முன் முழுக்கு எடுத்தவள், சட்டத்தை மீறத் துணியவில்லை.

அற்புதம் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய் அப்பாவுக்குப் பக்கத்தில் சாக்கில் இருந்தாள்.

"பிள்ளை, விலக்கினவரோட இருந்து சாப்பிடக் கூடாது."

"அது முழுக்கு எடுத்தவைக்கு அம்மா. நான் எடுக்கேல்லைத்தானே."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவள் எங்கே போய் எதைப் படித்தாலும், திரும்பி வந்து இந்த வீட்டில் எல்லோரோடும் இருந்து சாப்பிடலாம். அதற்காக அப்பா தன் இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார். மூன்று கிழமை பேசாமல் இருந்தவர் 'வேண்டாம்' என்று இருக்கவில்லை, 'போ' என்று சொல்லத் தெரியாமல் இருந்திருக்கிறார்.

"அப்பா, சபையில எழும்பி மனம் வருந்துறன் எண்டு அந்த ஒரு வசனத்தைச் சொல்லிவிடுங்கோவன். நான் போனால் நீங்கள் தனிய இருந்தெல்லோ சாப்பிடோணும்."

கிறகோரி சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார்.

"பொய் சொன்னதெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. செய்தது பிழையெண்டு சொல்லத்தான் வருதில்லை. அதையும் சொன்னால் ரெண்டு பொய்யாப் போயிடும்."

வாசலடியில் ஜெகதீஸ்வரி கோப்பையைக் கையில் வைத்தபடி சாப்பிடாமல் நின்றாள். கிறகோரி கம்பஸ் படிப்பு எப்போது துவங்குகிறது என்று கேட்டார். வருகிற சனிக்கிழமை பதிவு என்றாள் மகள். அப்படியென்றால் வியாழக்கிழமை காலை சாப்பிட்டதும் வெளிக்கிட வேண்டும் என்றும், கிளிநொச்சி வரை தானே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவதாகவும், அங்கிருந்து யாழ்ப்பாணம் போகிற கிளாலிப் படகுக்கு ஆட்கள் போவார்கள் என்றும் சொன்னார்.

வியாழன் காலை வரை இன்னும் பதினொரு நேரச் சாப்பாடு இருந்தது. அற்புதம் ஒரு நேரத்தையும் விடவில்லை. அந்தச் சாக்கிலேயே, அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள்.