ஏற்றி வைத்த கம்பிகள்

“கிட்டாருக்கு ஒண்ணும் இல்லைங்க. எத்தனை தடவை சொல்றது?”

“ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தத் தெரியாது. எனக்கு கிட்டார் பாடம் எடுக்க வந்துட்டா.”

“பேட்டரி மாத்தத் தெரியாதுதான். காலைல உங்க சட்டை பட்டனை யார் போட்டு விட்டதுன்னு தெரியும்ல?”

“அது புதுச் சட்டை. ஓட்டை சின்னது.”

“சட்டை ஓட்டை சின்னது, டூத்பேஸ்ட் மூடி இறுக்கம், சாவி வழுக்குது. உங்க கையைத் தவிர இந்த வீட்ல எல்லாமே பழுது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்.”

உள்ளே குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது.

நான் டூல் பையோடு மாடிப்படித் திருப்பத்தில் நின்றிருந்தேன். உள்ளே இருப்பது என் தங்கையும் அவள் புருஷனும். அந்தப் பழமொழியை அவள் வாயிலிருந்து கேட்டதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளை ஆடத் தெரியாதவர் இல்லை. கல்யாண வரவேற்பு, ஹோட்டல், கம்பெனி விழா என்று இருபது வருஷத்துக்கு மேல் கிட்டார் வாசித்துத்தான் அந்த வீடு நடக்கிறது. நான் பிரிண்டர் சர்வீஸ் பார்க்கிறவன், ஓய்வு நேரத்தில் நண்பர்களின் கிட்டாரைச் சரிசெய்து கொடுப்பேன், சுமாராக வாசிப்பேன். அவர் வாசிப்பது வேறு. எனக்கு அது ஏழு ஜென்மத்துக்கும் வராது.

கொஞ்ச நேரம் விட்டு, செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு ஏறி, பெல் அடித்தேன். தங்கை கதவைத் திறந்தாள். முகத்தை அப்போதுதான் கழுவியிருந்தாள்.

“வா மச்சான். பேஷண்ட் படுத்துட்டாரு” என்றார் மாப்பிள்ளை.

சாப்பாட்டு மேஜையில் துண்டு விரித்து, அதன்மேல் கிட்டாரைப் படுக்க வைத்திருந்தார்.

“வீட்டுக்காரங்ககிட்ட கையெழுத்து வாங்கியாச்சா மாப்ளே?”

“அவ போட மாட்டா. ஆபரேஷனே வேணாங்கிறா.”

தங்கை சிரிக்கவில்லை. டீ போடப் போனாள்.

விஷயம் இதுதான். சில மாதங்களாக அவர் வாசிக்கும்போது கம்பி இரைகிறது. ஸ்வரம் சுத்தமாக வராமல் தகரத்தில் ஈ மோதுகிற மாதிரி ஒரு சத்தம். அவர் வாசிக்கும் இசைக்குழுவை நடத்துகிற டிரம்மர் போன் பண்ணி, சனிக்கிழமை வரவேற்பிலும் அந்தச் சத்தம் வந்தால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை உடனே புது சேடில் வரவழைத்துவிட்டார். கிட்டாரின் அடிப்பக்கம் ஒவ்வொரு கம்பியும் ஏறி உட்காருகிற சின்ன உலோகத் துண்டுதான் சேடில். பழையது வளைத்த தகடு, தேய்ந்திருந்தது. புதியது கெட்டியான எஃகு. நல்ல சாமான், குறை சொல்ல முடியாது.

புது சேடில் வந்த பெட்டியை எடுக்க அவர் உள்ளே போனார். தங்கை சமையலறை வாசலில் நின்று குரலைத் தணித்துச் சொன்னாள்:

“அண்ணே, ரெண்டு தடவை டாக்டர்கிட்ட நேரம் வாங்கினேன். ரெண்டு தடவையும் போகல. முதல்ல கிட்டாரைச் சரி பண்றேங்கிறார். நான் சொன்னா ஏறாது. கிட்டார் நல்லா இருக்குன்னு நீ சொல்லு. நீ சொன்னாத்தான் அவர் கையைப் பார்ப்பார்.”

“நிஜமாவே கிட்டார்ல குறை இருந்தா?”

“இருந்தா நான் சந்தோஷத்துல கோயில் கோயிலா சுத்துவேன்ணே.”

குனிந்து பார்த்தேன். கம்பிகள் விரல் வைக்கிற பலகையிலிருந்து அவ்வளவு உயரத்தில் நின்றன. நடுவில் ஒரு பென்சிலை நுழைக்கலாம்.

“என்ன மாப்ளே இது, துணி காயப்போடவா?”

“இரையுதேன்னு கொஞ்சம் ஏத்தினேன். மறுபடி இரைஞ்சது. மறுபடி ஏத்தினேன்.”

வாசிக்கிறவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சேடிலில் இருக்கிற குட்டி திருகைச் சுற்றினால் கம்பி மேலே போகும். கம்பி பலகையில் தட்டி இரைந்தால் அப்படி ஏற்றுவது சரியான வைத்தியம்தான். ஆனால் உயரம் கூடக்கூட இடது கை விரல் அதிகம் அழுத்த வேண்டும். விரல் சரியாக அழுத்தாவிட்டாலும் கம்பி இரையும். அவர் இரைகிறது என்று ஏற்றியிருக்கிறார். ஏற்றியதால் அழுத்த முடியவில்லை. அழுத்தாததால் இன்னும் இரைந்திருக்கிறது. பிறகு இன்னும் ஏற்றியிருக்கிறார்.

கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினேன். ஒரு திருகு துருவில் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. எண்ணெய் விட்டு, காத்திருந்து, பல்லைக் கடித்துத் திருப்பியபோது அதன் ஸ்பிரிங் தெறித்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போனது. மூன்று பேரும் தரையில் குப்புறப் படுத்துத் தேடினோம். “போன வருஷம் தொலைச்ச கம்மலும் அங்கதான் இருக்கும், பாத்து எடுண்ணே” என்றாள் தங்கை. அந்த நேரத்தில் மட்டும் வீடு பழைய வீடு மாதிரி இருந்தது.

ஸ்பிரிங் மாப்பிள்ளை இருந்த ஓரத்தில்தான் கிடந்தது. இடது கையை நீட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன, எடுக்க முடியவில்லை. பிறகு உள்ளங்கையால் தரையோடு இழுத்து என் பக்கம் தள்ளினார்.

“அழுக்கு, அதான்” என்றார்.

நான் பிடித்திருந்த டார்ச்சின் வெளிச்சம் அந்தக் கைமேல் விழுந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை மேடாக இருக்குமே, அங்கே குழி விழுந்திருந்தது. வயதானவர் கை மாதிரி. வலது கையில் அப்படி இல்லை. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். எழுந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் மூடிக்கொண்டார். பிறகு வேலை முடியும்வரை எதையும் தொடவில்லை. முன்பெல்லாம் என் கையிலிருந்து ஸ்குரூடிரைவரைப் பிடுங்கி, “தள்ளு, நீ பிரிண்டருக்குத்தான் லாயக்கு” என்பவர்.

புது சேடில்கள் ஆறையும் மாட்டினேன். உயரத்தை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இறக்கினேன். புதுக் கம்பி போட்டு, டியூனரை வைத்து, ஒவ்வொரு சேடிலையும் முன்னும் பின்னும் நகர்த்தி, கழுத்தின் எந்த இடத்தில் அழுத்தினாலும் சுருதி சரியாக நிற்கும்படி வைத்தேன். பிறகு எல்லா இடத்திலும் வாசித்துப் பார்த்தேன். என்னை மாதிரி சுமாரான ஆள் கையிலேயே மணி மாதிரி ஒலித்தது.

“குடு” என்றார்.

வாங்கி மடியில் வைத்தார். அவர் எப்போதும் முதலில் வாசிக்கிற ஒரு வரி உண்டு, அதை ஆரம்பித்தார். வலது கை அப்படியே இருந்தது, அதே நடை. இரண்டாவது ஸ்வரத்தில் இரைந்தது. நிறுத்தி, விரலை அழுத்தி வைத்து, மறுபடி தொடங்கினார். இரைந்தது. டீ வடிகட்டிக்கொண்டிருந்த சத்தம் சமையலறையில் நின்றது.

“ஏத்து மச்சான்.”

“இதுக்கு மேல ஏத்தக் கூடாது மாப்ளே.”

“அரைச் சுத்துதான் கேக்கறேன்.”

நான் கிட்டாரை வாங்கி, அதே வரியை, அதே இடத்தில் வாசித்தேன். சுத்தமாக வந்தது. அவருக்கு முன்னால் அப்படி வாசித்துக் காட்டியதற்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம்.

“நீ மெதுவா வாசிக்கிற. எனக்கு வேகம் ஜாஸ்தி.”

“மாப்ளே, கிட்டார் நல்லா இருக்கு. சேடில் நல்லா இருக்கு. கையைக் காட்டணும். ஏதாவது நரம்பு அமுங்கியிருக்கலாம். சீக்கிரம் பார்த்தா சரியாகிடும்னு சொல்றாங்க.”

“யாரு சொல்றாங்க?”

நான் டாக்டர் இல்லை.

“சீக்கிரம் பார்த்தா இன்னொண்ணும் சொல்லலாம் மச்சான்” என்றார். குரலில் கோபமே இல்லை. “உங்கப்பனுக்கும் இது வந்ததான்னு டாக்டர் கேப்பான். ஆமான்னு சொல்லணும். எங்கப்பாவுக்கும் இடது கையிலதான் ஆரம்பிச்சது. ஒரு வருஷத்துல சோத்தை வாயில ஊட்டினோம். அப்புறம் அதுலயே போயிட்டாரு. உனக்குத் தெரியாது, அப்ப நீங்கல்லாம் எங்களுக்குச் சொந்தம் இல்ல.”

தங்கை டீ டம்ளரோடு வாசலில் நின்றாள். அவளுக்கும் தெரியாது என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது. மாமனார் நெஞ்சுவலியில் போனார் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் அவளைப் பார்க்காமல் என்னிடமே பேசினார். “இப்ப எனக்குக் கிட்டார்ல கோளாறு. அவ்வளவுதான். நீ எடுத்துட்டுப் போ. உன்கிட்ட வச்சு நிதானமா பாரு. சனிக்கிழமைக்கு நான் கீபோர்டுகாரன் கிட்டாரை வாங்கிக்கறேன்.”

எடுத்துக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்வது.

சனிக்கிழமை மாலை நானும் தங்கையும் அந்த வரவேற்புக்குப் போனோம். அழைப்பு இல்லாமல், ஒலி கட்டுப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்றோம். இரண்டாவது பாட்டிலேயே தகரச் சத்தம் கேட்டது. டிரம்மர் மேஜைக்காரரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். மேஜைக்காரர் ஒரு பட்டனைக் கீழே இழுத்தார். மாப்பிள்ளை மேடையில் தலையை ஆட்டி வாசித்துக்கொண்டிருந்தார், கூட்டத்தில் கிட்டார் மட்டும் கேட்கவில்லை.

“ஏண்ணே அவரோடது கேக்கல?” என்றாள் தங்கை. நான் ஸ்பீக்கர் தூரமாக இருக்கிறது என்றேன். அவள் அந்தப் பட்டனையே பார்த்தாள்.

நிகழ்ச்சி முடிந்து படியிறங்கி வந்தவர் என் தோளில் கை போட்டார். வலது கை.

“இந்த கிட்டார்லயும் சேடில் தேஞ்சிருக்கு மச்சான். இவனுக்கும் ஒரு செட் வரவழைக்கணும். போடறியா?”

நான் தலையாட்டிவிட்டேன். தங்கை எங்கள் இருவரையும் விட்டு முன்னால் நடந்தாள். அன்று அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. மறுநாள் நான் போன் பண்ணியபோது எடுத்து, “நீயுமா அண்ணே” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

டாக்டரிடம் மறுபடி நேரம் வாங்கியிருக்கிறாள். இந்த வாரம். மாப்பிள்ளை வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நேற்று கீபோர்டுகாரரின் கிட்டாரை என் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருடையதும் இங்கேதான் இருக்கிறது. இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. இரண்டையும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இந்த இணையக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கை இப்படிப் போய், டாக்டரிடம் போகப் பயந்தவர்களும் இருப்பீர்கள். கூட இருந்து பார்த்தவர்களும் இருப்பீர்கள். யார் என்ன சொன்னதால் நீங்கள் கடைசியில் கிளம்பிப் போனீர்கள்? இல்லை, என்ன சொல்லியிருந்தால் போயிருப்பீர்கள்? நான் அவருக்கு எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது? தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே எழுதுங்கள். இரண்டு வரி போதும், இந்த வாரத்துக்குள் எழுதுங்கள்.