ஹோபர்ட் தோற்கடித்த மசோதா

அரசு நல அலுவலகத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் மனைவி நயோமாவை உட்காரவைத்து, அவளுடைய கோட்டுப் பொத்தான்களைப் போட்டுவிட்டார் ஹோபர்ட் மல்லின்ஸ். அவர் நிமிர்வதற்குள் அவள் எழுந்துபோய், எதிரே இருமிக்கொண்டிருந்த பழைய சுரங்கத் தொழிலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கத் தொடங்கிவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஓட்டுப் போட மறந்துராதீங்க. நம்ம ஹோபர்ட்டு. ஒரு போன் பண்ணுனா போதும், ஓடி வருவாரு!"

"போட்டுர்றேன் தாயி, போட்டுர்றேன்" என்றார் அவர். ஹோபர்ட் தேர்தலில் நின்றே பல வருடம் ஆகிவிட்டது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் சிரிக்கவில்லை. அதைத்தான் ஹோபர்ட்டால் தாங்க முடியவில்லை.

சுரங்கத்தில் தொழிற்சங்கக்காரராக இருந்தவர் ஹோபர்ட். முதல் தேர்தலில் தோற்றார். அடுத்த முறை மலையிடுக்கில் இருந்த வீடுகளிலெல்லாம் ஏறி இறங்கி, அவரவர் சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸும் சோள ரொட்டியும் தின்று, மாநிலச் சட்டசபைக்குப் போனார். அதன்பிறகு அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. நுரையீரல் கெட்டவனுக்கு உதவித்தொகை நின்றுபோனதா, விதவைக்குப் பணம் வரவில்லையா, தலைநகருக்கு ஒரு போன் போடுவார். காரியம் முடிந்துவிடும். அந்தக் குடும்பமே ஆயுசுக்கும் அவருக்கு ஓட்டுப் போடும்.

ஒரு வருடம் சபைக்கு ஒரு மசோதா வந்தது. நல அலுவலகங்களில் போதிய ஆட்களை நியமிக்க வேண்டும், எந்த மனுவுக்கும் ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றது அது. "வரி ஏறிடும்" என்று ஹோபர்ட் அதை எதிர்த்துப் பேசினார், தன் ஆட்களையும் எதிர்க்க வைத்தார். மசோதா தோற்றது. அன்று வீட்டுக்கு வந்து நயோமாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆபீசே ஒழுங்கா வேல செஞ்சா, அப்புறம் நம்மள யாரு தேடுவா?"

முழங்கால் தேய்ந்து அவர் ஓய்வு பெற்றபோது ஊரே விருந்து வைத்தது. அதற்குப் பிறகுதான் நயோமாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. போன குளிர்காலத்தில் இரவு உடையோடு ஓடைக்கரையில் நின்றுகொண்டிருந்தாள். அவளை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கேட்டு ஹோபர்ட் இந்த அலுவலகத்தில் மனுப் போட்டார். பதில் இல்லை. தன் இடத்துக்கு வந்த புது உறுப்பினருக்குப் போன் செய்தார். எடுத்த பெண், "மல்லின்ஸா? எந்த ஊரு சார்?" என்று கேட்டாள்.

இன்று ஜன்னலில் இருந்த எழுத்தர் கெஞ்சும் குரலில் சொன்னாள்: "மூணு பேரு பாக்குற வேலைய நான் ஒருத்தி பாக்குறேங்கய்யா. அடுத்த வருஷம்கூட ஆகலாம்."

"நான் யாருன்னு தெரியுதாம்மா?"

"தெரியாம என்னங்கய்யா? எங்க அப்பா உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டாரு. அதுக்காக முன்னாடி இருக்குறவங்கள எப்படித் தள்ளிவிடுறது?"

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ட்ரீனா என்ற பெண், படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்காகக் காத்திருந்தாள்.

"ஐயா, எங்கம்மா பென்ஷன நீங்கதான் வாங்கிக் குடுத்தீங்க. எங்கப்பாவுக்கும் யாருக்காச்சும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்களேன். உங்க பேச்சுக்கு இன்னும் மதிப்பு இருக்கும்ல?"

இல்லை என்று ஹோபர்ட் தலையை ஆட்டினார்.

"எனக்கே யாரும் போன எடுக்க மாட்டேங்கிறாங்கம்மா. இந்த ஆபீசுக்கு ஆள் போட ஒரு சட்டம் வந்துச்சு. நான்தான் தோக்கடிச்சேன். என்னைத் தேடி வந்தவங்களுக்கு மட்டும் வழி விட்டேன். எல்லாரும் போற வழிய அடைச்சிட்டேன். இனிமே சிபாரிசு பண்றேன்னு வர்றவனுக்கு ஓட்டுப் போடாதீங்கம்மா. சிபாரிசே தேவப்படாம பண்றவனுக்குப் போடுங்க."

ட்ரீனா அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"சலுகைய வாங்கிட்டு உரிமைய விட்டது எங்க தப்புதாங்கய்யா. ஆனா இத நீங்க அந்தச் சபையிலேயே சொல்லியிருக்கலாமே."