கை குலுக்காதவர்கள்

"ராணியம்மா தப்பு பண்ணா யாருகிட்ட போய்ச் சொல்றது, அப்பா?"

வெரிட்டி ஹெப்வொர்த் இதைக் கேட்டபோது சிறு பெண். அவள் அப்பா இங்கிலாந்தின் கீத்லி ஊரில் பேருந்து ஓட்டுபவர். அவர் ஓட்டிய தடத்தை நகராட்சி அன்றுதான் நிறுத்தியிருந்தது. ஆறிக்கொண்டிருந்த தேநீரைப் பார்த்தபடி, "ராணிகிட்டயேதான் கண்ணு. வேற யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அது வேடிக்கைப் பேச்சு அல்ல என்பது அவளுக்குச் சட்டக் கல்லூரியில் தெரிந்தது. அரசு அலுவலகம் வரம்பு மீறினால் தொடுக்கும் வழக்குக்கு அங்கே ஒரு விநோதமான தலைப்பு உண்டு. 'மன்னர் எதிர் நகராட்சி' என்று எழுதுவார்கள்; ராணி ஆண்டால் 'ராணி எதிர் நகராட்சி'. உண்மையில் முறையிட்டவரின் பெயர் நடுவே அடைப்புக்குறிக்குள் ஒதுங்கி நிற்கும். ஏழை ஒருத்திக்காக மன்னரே முன்னால் வந்து நின்று, தன் பெயரால் நடக்கும் அதிகாரத்தைத் தானே கேள்வி கேட்பதாகப் பொருள். ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போகிற வெரிட்டிக்கு அது வேதத்தின் ஒரு வரியைப் போலவே பட்டது. அப்படிப்பட்ட வழக்கில் எழுந்து நின்று பேச வேண்டும் என்ற ஆசை அன்று பற்றியது.

பற்றிய ஆசை பற்றியபடியே இருந்தது. பாரிஸ்டர் படிப்பை முடித்துப் பட்டமும் வாங்கிவிட்டாள். ஆனால் சேம்பர் என்கிற வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் ஓராண்டு பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் நீதிமன்றத்தில் வாய் திறக்க முடியாது. ஓர் இடத்துக்கு நூறு பேர் நிற்பார்கள். ஐந்து ஆண்டுக்குள் கிடைக்காவிட்டால் படித்த படிப்பே காலாவதியாகிவிடும். அவளுக்கு இது ஐந்தாவது ஆண்டு.

இடைப்பட்ட காலமெல்லாம் லீட்ஸ் நகரத்தின் இலவசச் சட்ட உதவி மையம் ஒன்றில் வேலை பார்த்தாள். வழக்கைக் கட்டி எழுப்புவது அவள். எழுந்து நின்று பேசுவது கிளேட்டன் என்ற பாரிஸ்டர். அவர் முன் வரிசையில் நிற்பார். அவள் பின் வரிசையில் உட்கார்ந்து தாள்களை எடுத்துக் கொடுப்பாள்.

ஒருமுறை, மாடிப்படி ஏற முடியாத தனக்குக் கீழ்த்தள வீடு கேட்டு வழக்குப் போட்ட திருமதி பிக்கர்ஸ்கில் அவள் காதைக் கடித்தார்.

"நீ எழுந்து பேசேன்மா. அந்த ஆளு எங்க வீட்டுப் படியைக் கண்ணால கூடப் பார்த்ததில்ல."

"எனக்கு அனுமதி இல்லைங்க."

"படிச்சிருக்கேன்னு சொன்னியே?"

"படிச்சிருக்கேன்."

"பெறவு என்ன படிப்பு அது," என்றார் கிழவி.

வழக்கு முடிந்ததும் கிளேட்டன் அவளிடம் அன்பாகக் கை நீட்டுவார். அந்தக் கைதான் அவளை வருத்தியது. பாரிஸ்டர்கள் தங்களுக்குள் கை குலுக்கிக்கொள்வதில்லை. கையில் வாள் இல்லை என்று காட்டவே மனிதர்கள் கை நீட்டினார்களாம். ஒருவரை ஒருவர் நம்புகிறவர்களுக்கு அது எதற்கு என்பது அவர்களுடைய பழைய வழக்கம். எதிர்த் தரப்பு வக்கீலிடம் கிளேட்டன் தலையை மட்டும் அசைப்பார். இவளுக்குக் கை வரும். வெளியாள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அந்த வசந்தத்தில் ஒரே ஒரு சேம்பர் அவளை நேர்முகத்துக்கு அழைத்தது. கேள்விகளுக்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னாள். முடிந்ததும் தலைமை வகித்த ஓல்ட்ராய்ட் அம்மையார் எழுந்து கை நீட்டினார். வெரிட்டியின் வாய் முந்திக்கொண்டது.

"நமக்குள்ள கை குலுக்கற வழக்கம் இல்லையே."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அம்மையார் அதை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

"சரிதான் மிஸ் ஹெப்வொர்த். ஆனா நீங்க இன்னும் உள்ள வரலையே."

வெளியே தன் முறைக்காக ஓர் இளைஞன் காத்திருந்தான். பெயர் லிண்டன் ஃபேர்வெதர். அவள் முகத்தைப் பார்த்ததும், "அவ்வளவு மோசமா? எதிர்க் கடையில இருங்க, நானும் அடி வாங்கிட்டு வந்துடறேன்," என்றான்.

சொன்னபடியே வந்தான். தேநீரும் பன்றி இறைச்சி வைத்த பன்னும் வாங்கி அவள் முன் வைத்தான். அவள் நடந்ததைச் சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தான்.

"மன்னரே வந்திருந்தாலும் கையை உதறியிருப்பீங்க போல."

"சிரிங்க. எனக்கு இதுதான் கடைசி வருஷம்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். பிறகு தன் பன்னில் பாதியை அவள் தட்டில் வைத்தான்.

மே மாதத்தில் நாடு முழுவதும் ஒரே நாளில், காலை ஒன்பது மணிக்கு முடிவுகள் வரும். வெரிட்டி மையத்தின் சமையலறையில் நின்று கைப்பேசியைத் திறந்தாள். இடம் இல்லை, காத்திருப்போரில் முதலாவது. இடம் கிடைத்தவர் ஒரு வாரம் வரை யோசிக்கலாம். அந்த ஒரு வாரத்தை எப்படிக் கடப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினாள். ஜெபிக்க முயன்றாள், வார்த்தை வரவில்லை.

கோப்பைகள் காயும் முன் தொலைபேசி அடித்தது. சேம்பரின் குமாஸ்தா பாரி.

"மிஸ் ஹெப்வொர்த்தா? இடம் உங்களுக்குத்தான். வர்றீங்களா, இல்ல கை கொடுத்துக் கூப்பிடணுமா?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பயிற்சியில் சேர்ந்து சில வாரம் கழித்துப் பாரி மீதியைச் சொன்னார். "ஃபேர்வெதருக்கு லண்டன்லயும் கிடைச்சுது, இங்கயும் கிடைச்சுது. லண்டன்தான் போறதா இருந்தாரு. மத்தவங்கன்னா ரெண்டையும் கையில வச்சுக்கிட்டு வாரம் பூரா ஆட்டம் காட்டுவாங்க. இவரு உடனே போன் பண்ணிட்டாரு. 'லிஸ்ட்ல எனக்குக் கீழ ஒருத்தங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க'ன்னு சொன்னாரு."

அவன் அவளுக்காக எதையும் இழக்கவில்லை. காத்திருக்கும் ஒருத்தியை நினைத்தான், அவ்வளவுதான். அதை நினைக்கும்போதெல்லாம் வெரிட்டிக்கு நெஞ்சு நிறைந்தது. நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல் கிழித்தாள். சொன்னால் அவன் கூச்சப்படுவான்.

சில ஆண்டுகளுக்குப் பின், லீட்ஸில் ஒரு வழக்கில் நகராட்சிக்காக லண்டனிலிருந்து வந்தவன் லிண்டன். வெரிட்டி மறுதரப்பு. அவனுடைய எழுத்து வாதம் முழுவதும் ஒரு பழைய தீர்ப்பின் மேல் நின்றது. அதை மேல் நீதிமன்றம் முந்தின நாள்தான் கவிழ்த்திருந்தது. ரயிலில் வந்தவன் கவனித்திருக்க மாட்டான்.

தனக்குப் பாதகமான தீர்ப்பானாலும் நீதிபதியிடம் மறைக்காமல் சொல்வது வக்கீலின் கடமை. அவன் சொல்லாவிட்டால் அவள் சொல்லியாக வேண்டும். இரண்டு விதத்திலும் அவள் கட்சிக்காரருக்கு நன்மைதான். அவள் எழுந்து சொன்னால் அவையில் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவனாகவே சொன்னால், நேர்மையானவர் என்று நீதிபதி குறித்துக்கொள்வார்.

அவள் சீக்கிரமே போனாள். நீதிமன்ற அறையில் யாரும் இல்லை. விளக்குகள் மட்டும் எரிந்தன. புதிய தீர்ப்பின் நகலை அவன் நின்று பேசப்போகும் மேசை மேல் வைத்து, முக்கியமான பத்தி மேலே தெரியும்படி மடித்துவிட்டாள். பெயர் எழுதவில்லை. பின் ஓசையில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு, நடைக்கூடத்தின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தாள்.