மாமியாரின் பல்செட்

மாமியார் வாயாரப் புகழ்ந்தபோதே மருமகளுக்குச் சந்தேகம் தட்டியது. சமையல் நன்றாக இருந்தால்கூட "இன்னிக்கு எப்படியோ அமைஞ்சிடுச்சு" என்கிற வாய் அது. பல்செட் செய்யும் லேபில் வேலை பார்க்கும் அவள், அந்த வாய்க்கே ஒரு செட் செய்து மாட்டினாள். "ஜம்முனு இருக்கும்மா" என்று பாராட்டு வந்தது. இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது.

இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மாமியார் பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றுவதையும், கணவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிசைந்து தருவதையும் கதவிடுக்கில் பார்த்தாள். "அவகிட்ட சொல்லிடாதடா, மனசு கஷ்டப்படுவா." இவள் உள்ளே நுழைந்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பல் லேப் முதலாளி அன்றுதான் சொல்லியிருந்தார்: "திங்கக்கிழமையிலேருந்து நீ செய்யற செட்டை நான் சரிபாக்க மாட்டேன். நீயே பாத்து அனுப்பு. முடியுமான்னு சொல்லு." இத்தனை நாளும் அவர் தலையாட்டினால்தான் அவளுக்கு மூச்சே வரும். வீட்டுப் பல்லே மெல்ல உதவவில்லை, ஊரார் பல்லுக்கு எப்படிப் பொறுப்பேற்பது? முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

அதற்கு முன் குறையையாவது கண்டுபிடிக்கலாம் என்று, கணவன் வெளியே போன சமயம் மாமியாரை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். பற்களுக்கு நடுவே கடி பதியும் நீலத்தாளை வைத்து, "கடிங்க அத்தை" என்றாள். இரண்டு பக்கமும் சீராகப் புள்ளிகள் விழுந்தன. ஈறில் புண் இல்லை. செட்டை இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. முதலாளியைக் கூப்பிடப் போனை எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டாள். அவர் வந்தாலும் இதே புள்ளிகளைத்தானே பார்ப்பார்?

"பல்லுல குறை இல்ல அத்தை." தன் குரலா இது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. "அப்புறம் எதுக்குக் கழட்டறீங்க?"

மாமியார் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சத்தம் போடாதடி. பழகலைன்னு சொல்றதாலதான் அவன் பக்கத்துல உக்காந்து பிசைஞ்சு தர்றான். மெல்ல முடியுதுன்னு தெரிஞ்சா தட்டை வச்சிட்டு போனை நோண்டப் போயிடுவான்."

அவள் முதலாளிக்குப் போன் செய்து, "முடியும் சார்" என்றாள்.

அன்றிரவு மாமியார் மறுபடியும் பல்லைக் கழற்றினார். கணவன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "விடு, அடுத்த செட்டாவது நல்லா வரும்."

அவள் மாமியாரின் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நல்லாப் பிசைங்க."