கை எடை

பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு நொடி கண்ணை மூடி, "ரெண்டு கிலோ முந்நூறு" என்றாள். பார்சல் அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்றுதான் பெயர். பதினேழு வருடமாக அந்தக் கை தப்பியதில்லை. வாடிக்கையாளர்கள்கூட முதலில் அவள் வாயைப் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தைப் பார்ப்பார்கள். பெட்டியை இயந்திரத்தில் வைத்தாள். ஒரு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது என்று காட்டியது.

"என்னக்கா, தராசுக்கே கோளாறா? இந்த வாரத்துல இது மூணாவது" என்று பக்கத்து இருக்கையில் முகவரிச் சீட்டு ஒட்டுகிறவள் சிரித்தாள்.

தராசும் சிரித்து மழுப்பினாள். நடுங்கும் விரல்களை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

நடுக்கம் இருந்துவிட்டுப் போகட்டும், அவள் இப்போது சந்தோஷமாக இருந்தாள். தைராய்டு வந்து ஆறு வருடம். பாதி வயிற்றுக்குச் சாப்பிட்டாள், கால் தேய நடந்தாள், உடம்பு அசைந்து கொடுக்கவில்லை. மூச்சு விட்டாலே சதை போடுகிறது என்று அவளே கேலி பேசிக்கொள்வாள், மற்றவர்கள் முந்திக்கொள்வதற்குள். அவர்களும் சும்மா இருந்தார்களா? ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், சொல்லிக்கொண்டே அவள் தட்டை எட்டிப் பார்த்தார்கள். அதனால் மதியச் சாப்பாட்டைப் பெட்டிகள் அடுக்கிய பின்னறையில் தனியாக முடித்துக்கொள்வாள். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, பிறகு எதுவும் தொடாமல் அரை மணி நேரம். தனியாக இருப்பவளுக்கு அந்த அரை மணி நேரம் கொஞ்சத்தில் நகராது.

மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டரம்மா புது மாத்திரை எழுதிக் கொடுத்தார். எடை இறங்க ஆரம்பித்தது. ஒன்பது கிலோ! பதினேழு வருடத்தில் "அடுத்தது" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசியிராத மேலாளர், ஒருநாள் நின்று, "நல்லா இருக்கீங்களே இப்ப" என்றார். அந்த மூன்று வார்த்தையை வைத்து அவள் நான்கு நாள் ஓட்டினாள். ஒட்டுகிறவள் சாப்பாட்டு மேசையில் தன் பக்கத்தில் இடம் போட்டு வைத்தாள். எல்லோரும் தராசிடம் வந்து யோசனை கேட்டார்கள். நடந்தாலே போதும் என்று இவளும் பெரிய மனுஷியாகச் சொன்னாள்.

போன வாரம் தூரத்து ஊரில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தாள். சொந்தம் என்று சொல்ல அவள் ஒருத்திதான்.

"என் துணியெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சுக்கா. உனக்குச் சரியா இருக்கும், அனுப்பறேன்."

"இருக்கட்டும்டி. எறங்கினது திரும்ப ஏறாதுன்னு யாராவது எழுதியா குடுத்திருக்காங்க?"

வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தாள். இன்று காலை, பெரிய அளவுத் துணி ஒன்றுகூட விடாமல் பெட்டியில் போட்டு எடுத்து வந்திருந்தாள். மாலை வண்டிக்கு அது காத்திருந்தது.

மதியம் டாக்டரிடம் போனாள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் டாக்டரம்மா முகம் சுருங்கியது. கையை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது.

"தூக்கம் வருதா?"

"இல்ல டாக்டர்."

"நெஞ்சு அடிச்சுக்குதா?"

படியேறும்போது என்று சொல்ல நினைத்தாள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும்தான்.

"என்ன மாத்திரை போடறீங்க? காட்டுங்க."

பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து வைத்தாள். டாக்டரம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "பழச நிறுத்திட்டுத்தானே புதுச போடச் சொன்னேன்? மூணு மாசமா ரெண்டையுமா போட்டீங்க? மருந்துச் சீட்டுல எழுதியிருக்கேனே. வீட்ல யாரும் பாக்கலையா?"

"சீட்டு வீட்லதான் இருக்கு" என்றாள். கேட்டது அதுவல்ல என்று அவளுக்கே தெரியும்.

"இது நல்லபடியா எளைச்சது இல்லம்மா. இப்படியே விட்டா இதயத்துல கொண்டு போய் விட்டுடும். நாளையிலேருந்து புதுசு மட்டும்."

"எடை திரும்ப ஏறிடுமா டாக்டர்?"

"கொஞ்சம் ஏறலாம். நடங்க, சாப்பாட்டப் பாத்துக்குங்க. மெதுவா குறையும்."

மெதுவா. அந்த வார்த்தையோடு அவள் ஆறு வருடம் குடித்தனம் நடத்தியவள். செத்துப்போவதை நினைத்து அவளுக்குப் பெரிதாகப் பயம் வரவில்லை. மறுபடி பின்னறையில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தன் பெட்டியை மட்டும் இழுத்து மேசை மேல் வைத்தாள். பழைய மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தாள். குப்பைக்கூடை காலடியிலேயே இருந்தது, போட மனம் வரவில்லை. பையில் வைத்திருந்தால் காலையில் கை தானாக அதற்குப் போகும் என்பதும் தெரிந்தது. பெட்டியைப் பிரித்து, துணிகளுக்கு நடுவில் அட்டையைச் செருகி, மறுபடி ஒட்டினாள். இயந்திரத்தில் வைத்துப் பார்த்தாள், காலையில் காட்டிய எண் மாறவே இல்லை.

"அக்காவுக்கு அனுப்பலையா?" என்றாள் ஒட்டுகிறவள்.

"முகவரி மாறிடுச்சு. வேற சீட்டு குடு."

பழைய சீட்டின் மேல் புதுச் சீட்டை ஒட்டி, தன் வீட்டு முகவரியை எழுதினாள். நாளைக்கு அவளுக்கு விடுமுறை. இத்தனை வருடத்தில் அவள் பெயருக்கு ஒரு பார்சல்கூட வந்ததில்லை.

மறுநாள் காலையில் ஒரே ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு, கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். டாக்டரம்மாவின் மருந்துச் சீட்டை இன்னொரு தடவை முழுக்கப் படித்தாள். பிறகு கையை நீட்டி, அதை விரல்களின் மேல் வைத்தாள். அது ஆடிக்கொண்டிருந்தது. அரை மணியில் இன்னும் பதினொரு நிமிடம் இருக்கும்போது, கீழே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. கனமான எதையோ தூக்கிக்கொண்டு யாரோ ஒருவர் படியேறி வந்துகொண்டிருந்தார்.