சனிக்கிழமைச் சட்டை

சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தது நந்தகுமார்தான். அதில் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

மாமனார் செங்கோடனைக் குளிப்பாட்டி வாசலில் பெஞ்சின் மேல் கிடத்தியிருந்தார்கள். புது வேட்டி கட்டியாயிற்று. மேலுக்குச் சட்டை வேண்டும், பீரோ சாவியைக் காணவில்லை. “ஆராச்சும் ஒரு நல்ல சட்டையக் கொண்டாங்கப்பா, வெயிலு ஏறுது” என்று பங்காளி அம்மாசி போட்ட சத்தம் அவருடைய ஊரான மல்லசமுத்திரம் வரைக்கும் கேட்டிருக்கும். எதையாவது செய்து நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்கிற வியாதி நந்தகுமாருக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. தன் காருக்கு ஓடினான். பின் சீட்டுக் கொக்கியில் ஹேங்கரோடு தொங்கிய மாமாவின் சந்தன நிறச் சட்டையை உருவிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டான்.

கையை நுழைத்துத் தோளைத் தூக்கும்போது பையிலிருந்து ஒரு பேக்கரிக் காகிதம் விழுந்து பிரிந்தது. உள்ளேயிருந்து பாதித் தேங்காய் பன். காய்ந்து கல்லாகியிருந்ததால் தரையில் ‘டக்’கென்று சத்தம் வேறு. சிவப்பில் ஒன்றும் பச்சையில் ஒன்றுமாக இரண்டு டூட்டி ஃப்ரூட்டி கழன்று உருண்டு, அம்மாசியின் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் போய் நின்றன.

ஒப்பாரி அப்படியே நின்றது. அப்பா இரண்டு வருடமாக இனிப்பைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று விடிந்ததிலிருந்து வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள் அன்புச்செல்வி, நந்தகுமாரின் மனைவி. அவளும் வாயைத் திறந்தபடி நின்றாள்.

மாமியார் குஞ்சம்மாள் எழுந்து வந்தார். குனிந்து பன் துண்டை எடுத்தார். டூட்டி ஃப்ரூட்டிகளையும் விடவில்லை. எல்லாவற்றையும் முந்தானையில் வைத்து முடிந்துகொண்டார்.

“என்ன புள்ள அது?” என்றார் அம்மாசி.

“மாத்தரைங்க” என்று சொல்லிவிட்டு, போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டார் அத்தை. மருமகன் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி ஒரு முறை முறைத்திருந்தால் நந்தகுமாருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நந்தகுமார் மருந்துக் கம்பெனி ரெப். அவன் பையில் இருப்பதில் பாதி சர்க்கரை மாத்திரை. செவ்வாய்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீஸில் முப்பது வருடம் குப்பை கொட்டிய மாமாவுக்கோ, சேலத்தில் எந்தக் கடையில் எத்தனை மணிக்கு எது சூடாக வரும் என்பது கைரேகை மாதிரி. சர்க்கரை நானூறைத் தொட்டபோது வீட்டில் எல்லாம் நின்றுபோயிற்று. களி, கீரை, கொள்ளு ரசம். மூன்றாவது வாரம் மாமா அவனிடம், “மாப்ள, நா சாகறதப் பத்திப் பயமில்லீங்க. களியத் தின்னுக்கிட்டே சாகறதத்தான் நெனைக்க முடியல” என்றார்.

அன்று தொடங்கியது முழங்கால் வைத்தியம். சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு மருமகன் மாமனாரை ஆஸ்பத்திரிக்கென்று சொல்லிக் கூட்டிப்போவான். கார் தெருவைத் தாண்டியதும் மாமா சட்டையை மாற்றுவார். வீட்டுச் சட்டை ஹேங்கருக்குப் போகும், பின் சீட்டுச் சட்டை உடம்புக்கு வரும். “பப்ஸு நல்ல பப்ஸான்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது? சட்டையெல்லாம் உதுரோணும். உதுராத பப்ஸு ரொட்டி” என்பார் பேக்கரியில். திரும்பும்போது வாய் வாசனை போக ஆளுக்கு ரெண்டு ஏலக்காய். வாசலில் அத்தை, “கால் எப்படிங்க இருக்குது?” என்று கேட்பார். “பரவால்ல புள்ள, கரண்டு வெச்சாங்க” என்பார் மாமா, நொண்டிக்கொண்டே. சில சமயம் காலை மாற்றி நொண்டிவிடுவார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவர், ஒரு விளம்பரம் முடிந்து அடுத்தது வருவதற்குள் போய்விட்டார்.

சனிப் பிணம் தனியாகப் போகாது என்பதால் துணைக்குப் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டினார்கள். மாமாவை நம்பிக் கோழியை அனுப்புகிறார்களே, பாதி வழியிலேயே வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டுப் பள்ளிபாளையம் சிக்கனாக வறுத்துவிடுவாரே என்று நந்தகுமாருக்குத் தோன்றியது. சிரிப்பு வந்தது. அடக்கினான். அடக்கியது அழுகை மாதிரி வெளியே வந்தது. “இப்படியொரு மருமகன் ஆருக்குக் கெடைக்கும்” என்று இரண்டு பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

எரிமேடையில் முறைக்குக் காத்திருந்தபோது தனக்குப் பழக்கமான டாக்டர் ஒருவருக்குப் போன் செய்தான். சாப்பாட்டால் இருக்குமா டாக்டர், வாரத்துக்கு ஒரு நாள், கொஞ்சம்போல?

“வயசு, சுகரு, பி.பி., எல்லாஞ் சேர்ந்ததுதாங்க. உங்களுக்குத் தெரியாததா?”

தெரிந்திருந்தால் எதற்குக் கேட்கப் போகிறான்.

குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வீட்டுக்கு வந்ததும் மனைவியைத் தனியாகப் பிடித்தான். “செல்வி, உங்கப்பா விசயமா ஒண்ணு சொல்லோணும்.”

“இப்ப ஒண்ணுஞ் சொல்லாதீங்க. தல வலிக்குது. எத்தன பேரு டீ குடிக்கலைன்னு பாருங்க.”

நான்கு மணிக்குக் கூட்டம் கலைந்தது. சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாதென்று பக்கத்து வீட்டிலிருந்து வந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டு முடித்த அம்மாசி அடுத்த காரியத்துக்கு வந்தார். “நாளைக்கிக் காத்தால பாலு தெளிக்கோணும். செங்கோடனுக்குப் புடிச்ச பண்டமா நாலு வாங்கிப் படைக்கோணுமில்ல?”

“அப்பாவுக்குக் களியும் கீரையுந்தான் பெரியப்பா” என்றாள் அன்புச்செல்வி.

“களியா? ஏஞ் சாமி, உங்கப்பன் வாரதப் பாத்தா பரோட்டாக் கடைக்காரன் கல்லப் பத்தவெப்பான்.”

“அதெல்லாம் அப்பங்க. இப்ப நாக்கக் கட்டிட்டாரு.”

நந்தகுமார் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தான். களியைப் படைத்தால் மாமாவின் ஆத்மா எழுந்து நேராக பஸ் ஸ்டாண்டுப் பேக்கரிக்குப் போய்விடும். பப்ஸைப் படைத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். அவர் சாவுக்குத் தேதி குறித்தவன் மாத்திரை விற்கிற மருமகன்தான் என்று ஊர் சொல்லும். ஊர்கூடப் பரவாயில்லை. அத்தை என்ன சொல்வார்?

கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அத்தை அவனிடம் மொத்தமாக நாலு வாக்கியம் பேசியிருப்பார். வாங்க, சாப்புடுங்க, புள்ளைங்க நல்லாருக்குதா, பாத்துப் போங்க. எல்லாமே கதவுக்குப் பின்னாலிருந்து. இப்போதும் குரல் அங்கிருந்துதான் வந்தது.

“மாப்பளைக்குத் தெரியுமுங்க. அவரே வாங்கிட்டு வரட்டும்.”

காரை எடுத்தான். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணுக்கு ஊர் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோலத் தெரிந்தது. வண்டிகள் சத்தமில்லாமல் மிதந்தன. தெரு முடிகிற இடத்தில் சேர்வராயன் மலை நீலப் புகைபோல நின்றது, ஊதினால் கலைந்துவிடும்போல. முன் சீட்டு மாமாவின் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளியபடியே இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின் சீட்டில் வெறும் ஹேங்கர். அது மட்டும் வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கை அவன் திருப்பிய மாதிரியே இல்லை. சனிக்கிழமை, சாயங்காலம், காருக்கே வழி தெரிந்திருந்தது.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பேக்கரியில் தேங்காய் பன் தட்டு அப்போதுதான் வெளியே வந்தது. வெண்ணெயும் ஏலக்காயும் கலந்த சூடு முகத்தில் அடித்தது. மாமா அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, கோவிலில் தீபாராதனை பார்ப்பவரைப்போல நிற்பார். இவனும் நின்றான். மூடிய கண்ணுக்குள், பக்கத்தில் யாரோ மூச்சை ஆழமாக இழுப்பது கேட்டது. திறக்க மனமில்லை. “சார், தள்ளுங்க, பில்லு போடணும்” என்று பின்னாலிருந்தவர் சொன்னபிறகுதான் திறந்தான்.

பன்னும் பப்ஸும் வாங்கிக்கொண்டு, தட்டில் மிச்சமிருந்தவற்றைப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. மாமா எதையும் பாதியில் விட்டவரில்லை. அவனுடைய தட்டிலிருப்பதையும் சேர்த்து முடிப்பவர். போன வாரம் மட்டும் ஏன் பாதி பன்னைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தார்?

அம்மாபேட்டையில் கந்தம்மாளின் தள்ளுவண்டி. தட்டுவடை செட்டுக்கு மாமா சேலத்தில் வேறு கடையை ஒத்துக்கொண்டதில்லை. கேட்காமலேயே கந்தம்மாள் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள். சின்னத் தட்டுவடைக்கு மேல் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே இன்னொரு தட்டை. “ஐயா வண்டிலயே ஒக்கோந்துட்டாருங்களா?” என்று எட்டிப் பார்த்தாள்.

சொன்னான்.

கந்தம்மாளின் கை நின்றது. பிறகு ஒரு தட்டிலிருந்ததை மெதுவாக ஓரமாக ஒதுக்கினாள்.

“நா கூட்டீட்டு வந்தது தப்புங்களாக்கா?”

“வெங்காயம் சேத்தி வெக்கட்டுங்களா?” என்றாள் அவள்.

“பார்சல் வேணுமுங்க.”

“பார்சல் நமத்துப் போயிருமுங்க. நாந்தான் குடுக்கறதில்லைல்ல.” அவன் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, தட்டையைத் தனியாக, காயைத் தனியாக, சட்னிகளைத் தனியாகக் கட்டிக் கொடுத்தாள். “திங்கறப்ப சேத்துக்கோங்க. சேத்ததும் வாயில போட்டரோணும். நின்னு யோசிக்கக் கூடாது.”

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. அம்மாசி உள்ளே பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அன்புச்செல்வி குழந்தைகளோடு சுருண்டு கிடந்தாள். அத்தை கொல்லையில் துணி துவைக்கும் கல் ஓரமாக, தென்னைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். நந்தகுமார் பொட்டலங்களைக் கல்லின் மேல் ஒவ்வொன்றாக வைத்தான். திருட்டுப் பொருளைப் போலீசில் ஒப்படைப்பவன் அப்படித்தான் வைப்பான்.

அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தார். காய்ந்த பாதி பன்னைக் கல்லின் மேல் வைத்தார்.

“இத ஆருக்குங்க எடுத்து வெச்சாரு?”

‘உங்களுக்குத்தான் அத்தை’ என்று சொல்லியிருக்கலாம். நல்ல பெயர் வாங்கும் வியாதி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்படியே இருக்கவும் கூடும். ஆனால் அவனுக்குத் தெரியாது.

“தெரியலீங்க அத்தை” என்றான்.

அத்தை தலையை ஆட்டினார். தென்னை மட்டை ஒன்று காற்றில் திரும்பிப் படுத்தது.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா?” என்றான் நந்தகுமார்.

“மொதச் சனிக்கெழமயே தெரியும். காத்தால இஸ்திரி போட்டுக் குடுத்த சட்ட அந்தியில இஸ்திரி கலையாம வருது. ஆஸ்பத்திரில படுத்து எந்திரிச்ச மனுசன் சட்ட கசங்காதுங்களா? ரெண்டு பேரு வாயிலயும் ஏலக்கா வேற.”

“எம்மேல கோவமுங்களா?”

கேட்டுவிட்டுத் தயாரானான். டீ குடிச்சீங்களா என்று கேட்பார். விதி என்பார். இப்போது என்ன அந்தப் பேச்சு என்று எழுந்து போவார்.

“ஆமாங்க மாப்ள, கோவந்தான்” என்றார் அத்தை.

கதவுக்குப் பின்னால் இல்லாமல், அவன் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

“அதனாலதான் செத்தாரான்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாதுங்க, நா டாக்டரு இல்ல. தின்னாரு, சந்தோசமா வந்தாரு, நொண்டத் தெரியாம நொண்டுனாரு. அதுக்கெல்லாம் கோவமில்ல. நாப்பத்தோரு வருசத்துல, ‘வா புள்ள, ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்’னு அந்த மனுசன் என்னக் கூப்புட்டதில்ல. அவருக்குத் தோணல, செரி. உங்களுக்குமாங்க தோணல? பின்னாடி சீட்டு சும்மாத்தான கெடந்துச்சு.”

நந்தகுமார் தட்டைப் பொட்டலத்தின் முடிச்சைத் தேடினான்.

அத்தை தட்டைப் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துப் பிரித்தார். “இதெப்படிங்க திங்கறது?”

“நாளைக்கிப் படைக்கறதுக்கு முன்னால…” என்று இழுத்தான்.

“அவருதான் மொதல்லயே தின்னுட்டாருல்லீங்க.”

அவன் கல்லின் எதிரே குந்தி உட்கார்ந்தான். பழக்கமில்லாத கையில் சிவப்புச் சட்னி விரலெல்லாம் ஆயிற்று. பீட்ரூட் பாதி வெளியே சரிந்தது. மேல் தட்டையைக் கோணலாக மூடி, இரண்டு கையாலும் நீட்டினான்.

“ஒரே வாயில போட்டரோணுமுங்க.”

அத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். கொல்லையில் வேறு சத்தம் எதுவும் இல்லை, தட்டை நொறுங்கும் சத்தம் மட்டும். அவன் அடுத்ததை எடுத்துச் சட்னி தடவத் தொடங்கினான்.