மூசைக்குத் திரும்பாத தாலி

1

இது கதையாகத் தொடங்கப்படவில்லை. கண்டி, கொழும்பு வீதியிலுள்ள கறுப்பையா நகை மாளிகை (பெயர் நான் இட்டது, தேடிப் போக வேண்டாம்) தன் நூற்றாண்டு மலருக்காக ஒரு வரலாறு கேட்டது. இத்தனை கடைகள் வந்த பின்னும் மணவீட்டார் ஏன் அங்கேயே செல்கின்றனர் என்பதை இரண்டு பக்கங்களில் விளக்க வேண்டும். விளக்க முனைந்தேன். குறுக்கே ஒரு பெண் வந்து நின்றாள்.

2

முதல் தொடக்கம்: ‘கண்டி வாவியின்மீது பனி மெல்ல—’

நிறுத்தினேன். வாவியில் எவரும் நகை வாங்குவதில்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘மூன்று தலைமுறைகளாக நம்பிக்கையின் மறுபெயராய்—’

இதை எந்தக் கடையின் பையிலும் படிக்கலாம்.

ஆகவே வழக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கடையில் தாலிக்குரிய பொன்னை இரு வீட்டாரின் முன்னிலையில்தான் உருக்குவார்கள். மூசை எனப்படும் சிறு மண்கிண்ணத்தில் பெண்ணின் தந்தை தம் கையால் பவுனை இடுவார். “இங்கேயிருந்து போற தாலி மூசைக்குத் திரும்பாது” என்று கடையின் உரிமையாளர் சொல்வார். அது வெறும் வாழ்த்தன்று. தான் செய்த தாலியை அந்தக் கடை எக்காரணத்துக்காகவும் உருக்கியதில்லை. அந்த வாக்குக்காகவே மக்கள் வந்தனர்.

3

நிறுவனரின் பேத்தியும் இப்போதைய உரிமையாளருமான நிரஞ்சனி அன்று கலகெதரவிலிருந்து வந்த மணவீட்டாருக்காக நெருப்பு மூட்டச் செய்திருந்தாள். அப்போதுதான் கலஹா பஸ்ஸில் வந்திறங்கிய இராஜகுமாரி, லேஞ்சிக் கைக்குட்டையில் முடிந்திருந்த தாலியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“இத உருக்கி எனக்கு ஒரு காப்பு செஞ்சு குடுங்க.”

விற்பனைப் பகுதியைக் கவனிக்கும் முனாஸ் குரலைத் தாழ்த்தினார். “அக்கா, நாங்க செஞ்ச தாலிய நாங்க உருக்கிறல்ல. பக்கத்துக் கடைல குடுங்களே, அஞ்சு நிமிஷத்துல உருக்கித் தருவாங்க.”

“உருக்கத்தான்னா எங்க வீட்டு அடுப்பே போதும், தம்பி.”

நிரஞ்சனி கதிரையை நகர்த்தினாள். “உக்காருங்க அக்கா. வீட்டுக்காரர்…?”

“நல்லாத்தான் இருக்காரு. நாந்தான் அங்க இல்ல.” அவள் உட்காரவில்லை. “இங்க வச்சுத்தானே எங்கப்பா பவுனப் போட்டாரு. திரும்பாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அந்த ஒரு சொல்லுக்காகப் பதினோரு வருசம் அடி வாங்கினேன். அத இங்கயே முடிச்சுட்டுப் போறேன்.”

4

(முந்தைய படியில் நிரஞ்சனியைக் கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். கொடியவள் இருந்தால் எழுதுபவருக்கு வேலை குறைவு. அடித்துவிட்டேன்.)

அவள் யோசித்தது இது: தாத்தாவின் தாலிகள் உடையாமல் இல்லை. உடைந்தவை பக்கத்துக் கடைகளுக்குப் போயின. நூறு ஆண்டுப் பெருமையைப் பிறர் நெருப்பே காத்து வந்திருக்கிறது. ஆனால் இன்று இதை உருக்கினால், எதிரே அமர்ந்திருக்கும் மணவீட்டார் ஊர் முழுக்கச் சொல்வார்கள். அந்தப் பெருமையைத் தவிர இந்தக் கடையிடம் வேறென்ன இருக்கிறது?

5

முடிவு ஒன்று: மரியாதையாக மறுத்து, வாசல்வரை சென்று வழியனுப்புகிறாள். (நம்பத்தக்கது, அதனாலேயே வேண்டாம்.)

முடிவு இரண்டு: கண்ணீர் மல்க இருவரும்— (மாட்டேன்.)

மூன்றாவதைக் கலகெதரவிலிருந்து வந்த மணப்பெண்தான் கொண்டுவந்தாள். தன் தந்தையின் கையிலிருந்த பவுனைப் பார்த்தாள். பிறகு நிரஞ்சனியைக் கேட்டாள்:

“அக்கா, அவங்களுத அதுல போட்டா, எங்களுக்கு வேற மூசை இருக்கா?”

“வா பிள்ள, போவோம்,” என்று தாய் எழுந்தாள். மணப்பெண் அசையவில்லை, பதிலுக்குக் காத்திருந்தாள்.

“இருக்கு,” என்றாள் நிரஞ்சனி.

இராஜகுமாரி மூசையருகே சென்று, தன் கையாலேயே தாலியை அதில் இட்டாள். முனாஸ் ஊதுகுழலின் தீயை அதன்மேல் திருப்பினார்.

6

அந்த மணவீட்டார் இருந்தனரா, எழுந்து போயினரா என்பதை நான் எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு திருமணம் வரும். ஒருபோதும் தாலியை உருக்காத கடைக்குப் போவீர்களா, ஒரு முறை உருக்கிய கடைக்குப் போவீர்களா? உங்கள் மகளைக் கேட்டுவிட்டு, முடிவை நீங்களே எழுதுங்கள்.